ஊர் முக்குக்கு எதை வாங்கலாம்? ரேடியம் டேப், சோலார் பிளிங்கர், குவிகண்ணாடி, ரப்பர் வேகத்தடை: ஒரு மதிப்பீடு

இருபுறமும் கிளுவை வேலி உயர்ந்து நிற்கும் இட்டேரி (தோட்டங்களுக்கு நடுவே போகும் குறுகிய பாதை), வளைவில் வந்து நேராக மெயின் ரோட்டில் முட்டும். காங்கயம், தாராபுரம், வெள்ளகோவில், பல்லடம் பக்கம் எந்த ஊரை எடுத்தாலும் இப்படி ஒரு முக்கு இருக்கும். இட்டேரியிலிருந்து பால் கேன் மாட்டிய எக்ஸ்எல் மொபெட்டும் தேங்காய் மட்டை ஏற்றிய டிராக்டரும் வெளியே வரும். மெயின் ரோட்டில் பனியன் கம்பெனி வேன், கோழி லாரி, குவாரி டிப்பர் எல்லாம் வேகம் குறையாமல் போகும். அந்த முக்கில் யாராவது அடிபட்டால் ஊரில் பணம் திரட்டுவார்கள். நோம்பியில் (ஊர்த் திருவிழாவில்) மிச்சமானது, பால் சொசைட்டி கொடுத்தது, ஊரிலிருந்து திருப்பூர் போய்த் தொழில் செய்பவர்கள் தந்தது என்று ஒரு தொகை சேரும். அதை வைத்து எதை வாங்குவது என்ற கேள்விக்குத்தான் இந்த மதிப்பீடு.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். முதல் செலவு டிரெய்லர்களுக்கு ஒட்டும் ரேடியம் டேப். இரண்டாவது, முக்கில் வேலியைத் தாழ்த்தி வெட்டும் கூலி. பணம் மீதமிருந்தால் சோலார் பிளிங்கர் (சூரிய ஒளியில் ஓடும் மின்னும் எச்சரிக்கை விளக்கு), அதுவும் சரியான அளவில் கிடைத்தால் மட்டும். குவிகண்ணாடி ஊருக்குள் உள்ள வளைவுகளுக்கு நல்லது, மெயின் ரோட்டு முக்குக்கு ஆகாது. ரப்பர் வேகத்தடையை மெயின் ரோட்டுக்கென்று வாங்கவே வேண்டாம். பெரும்பாலான ஊர்களில் இதை அப்படியே தலைகீழாகச் செய்கிறார்கள். கண்ணுக்குப் பெரிதாகத் தெரியும் பிளிங்கர் முதலில் வந்துவிடுகிறது, டேப்புக்குப் பணம் இருப்பதில்லை.

டேப் ஏன் முதலில் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் வரும் வண்டி, ஓட்டுபவர் தடையைப் பார்த்ததிலிருந்து முழுதாக நிற்க 80 மீட்டர் வேண்டும் என்று, சாலைகளுக்கான தர அளவுகளை வகுக்கும் பொறியாளர் அமைப்பான இந்தியச் சாலைகள் காங்கிரஸின் அட்டவணை சொல்கிறது. 80 கி.மீ. வேகமென்றால் 120 மீட்டர். பைக்கின் டிம் லைட்டில் விளக்கில்லாத, மண்படிந்த டிரெய்லர் ஒன்று 30, 40 மீட்டருக்குள் வந்த பிறகுதான் உருவமாகத் தெரியும். 60 கி.மீ. வேகத்தில் ஒரு விநாடிக்கு ஏறக்குறைய 17 மீட்டர் ஓடிவிடும். அதே அட்டவணை, கண்டு உணர்ந்து பிரேக்கில் கால் வைக்கவே இரண்டரை விநாடி கொடுக்கிறது. அதாவது பைக்காரர் பிரேக் பிடிக்கும் முன்பே டிரெய்லரில் இருப்பார். அவர் குடித்திருக்க வேண்டியதில்லை, தூங்கியிருக்க வேண்டியதில்லை. தெரியவில்லை, அவ்வளவுதான். நல்ல டேப் ஒட்டிய டிரெய்லர் 100 மீட்டருக்கு அப்பாலேயே மின்னும். இந்த வித்தியாசத்தை இந்தப் பட்டியலில் வேறு எந்தப் பொருளும் இவ்வளவு குறைந்த செலவில் தராது.

ரேடியம் டேப்: எதைப் பார்த்து வாங்குவது

கடையில் ரேடியம் ஸ்டிக்கர் என்று கேட்டால் இரண்டு வகையான பொருள் வரும். ஒன்று நம்பர் பிளேட்டுக்கும் பைக் அலங்காரத்துக்கும் வெட்டித் தரும் மெல்லிய தாள். மேல்பரப்பு வழவழவென்று ஒரே சீராக இருக்கும், உள்ளே நுண்ணிய கண்ணாடி மணிகள். அருகில் லைட் பட்டால் மின்னும், தூரத்திலிருந்து மங்கிவிடும், சாய்கோணத்தில் அதைவிட மோசம். இரண்டாவது, லாரிகளுக்கு எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்டுவதற்காக ஒட்டும் பிரிஸம் வகை. கூர்ந்து பார்த்தால் தேன்கூட்டு அறைகளோ சாய்சதுரக் கட்டங்களோ தெரியும், கையில் தடிமனாக இருக்கும். வாங்க வேண்டியது இரண்டாவது. அகலம் 50 மி.மீ., ரோல் பெரும்பாலும் 50 மீட்டரை ஒட்டி வரும், மீட்டர் கணக்கிலும் வெட்டித் தருவார்கள். ஏ.ஐ.எஸ். 090 என்ற இந்திய வாகனத் தரத்துக்கு ஒப்புதல் பெற்ற டேப்பில் அதற்கான முத்திரை சிறு இடைவெளியில் திரும்பத் திரும்ப அச்சாகியிருக்கும். ஐரோப்பிய 104ஆர் முத்திரையும் ‘சி’ என்ற வகுப்பு எழுத்தும் இருந்தாலும் சரியே. 3எம், ஏவரி டென்னிசன், ஓராஃபால் ஆகிய மூன்றுமே இந்த வகையைத் தயாரிக்கின்றன. முத்திரையே இல்லாமல் பிரிஸம் கட்டம் மட்டும் அச்சடித்த போலிகளும் சந்தையில் உண்டு. அதனால் பெயரைவிட முத்திரையைப் பாருங்கள்.

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு லாரி பாடி கட்டும் ஊர்கள். அங்குள்ள லாரி உதிரிபாகக் கடைகளில் இந்த டேப் எப்போதும் இருக்கும், வெள்ளை, மஞ்சள், சிவப்பு மூன்று நிறமும் ஒரே இடத்தில் கிடைக்கும். நம்பர் பிளேட் ஒட்டும் சிறு கடைகளில் வாங்கினால் மெல்லிய வகை கைக்கு வந்துவிடும் வாய்ப்பு அதிகம்.

கடையிலேயே சோதிக்கலாம். ஒரு துண்டைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு 20, 30 அடி தள்ளி வாருங்கள். டார்ச்சைக் கண்ணுக்குப் பக்கத்தில், கன்னத்தோடு ஒட்டிப் பிடித்து அடிக்க வேண்டும். இந்த டேப் ஒளியை வந்த வழியே திருப்பி அனுப்பும், அதனால் விளக்கும் கண்ணும் ஒரே கோட்டில் இருந்தால்தான் அதன் பலம் தெரியும். இடுப்பருகே டார்ச்சைப் பிடித்துப் பார்த்து நல்ல டேப்பையே மங்கல் என்று ஒதுக்குபவர்கள் இருக்கிறார்கள். மணி வகையையும் பிரிஸம் வகையையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து ஒருமுறை இப்படிப் பார்த்தால் பிறகு யாரும் மெல்லிய தாளை வாங்க மாட்டார்கள்.

நிறத்தில் விளையாடக் கூடாது. முன்பக்கம் வெள்ளை, பக்கவாட்டில் மஞ்சள், பின்பக்கம் சிவப்பு. இருட்டில் ஓட்டுபவர் உருவத்தைப் பார்ப்பதில்லை, நிறத்தை வைத்துத்தான் புரிந்துகொள்கிறார். சிவப்பு என்றால் எனக்கு முன்னால் போகும் வண்டியின் முதுகு, மஞ்சள் என்றால் குறுக்கே ஒரு வண்டி, வெள்ளை என்றால் எதிரே வருகிறது. மிச்சமிருந்த வெள்ளை டேப்பைப் பின்கதவில் ஒட்டினால் டிரெய்லர் எதிரே வருவதாகத் தோன்றும். இதே குழப்பத்தை இன்னும் பெரிதாகச் செய்வது டிராக்டரின் பின்னால் உழவுக்காக வைத்திருக்கும் வெள்ளை லைட். டிரெய்லர் இல்லாமல் ரோட்டில் ஓடும்போது அதை எரியவிட்டால் பின்னால் வருபவருக்கு எதிர்வண்டி போலத் தெரியும், கண்ணும் கூசும். அதன் சுவிட்சை தார் ரோட்டில் ஏறும் முன் அணைப்பது காசில்லாத வேலை.

அளவு எவ்வளவு ஆகும் என்று பார்ப்போம். 12 அடி நீளம், 6 அடி அகலம் உள்ள சாதாரண டிரெய்லர். பின்கதவின் கீழ்விளிம்பு முழுக்க 1.8 மீட்டர், இரு ஓரமும் மேல்நோக்கி 45 செ.மீ. வீதம், ஆக 2.7 மீட்டர் சிவப்பு. இப்படி மூன்று பக்கம் ஒட்டினால்தான் வண்டியின் அகலம் தெரியும். நடுவில் ஒரு துண்டு மட்டும் ஒட்டினால் பைக் என்று நினைத்து ஓரமாக முந்தப் பார்ப்பார்கள், டிரெய்லரின் மூலை அடிக்கும். பக்கவாட்டில் ஒரு பக்கத்துக்கு 3.6 மீட்டர் மஞ்சள், இரண்டுக்கும் 7.2. முன்பக்க இரு மூலைகளுக்கும் 30 செ.மீ. வெள்ளை போதும். 50 மீட்டர் சிவப்பு ரோலில் 18 டிரெய்லர் ஆகும், மஞ்சளில் 6 தான். பணம் போதாதென்றால் மஞ்சளை 30 செ.மீ. துண்டுகளாக வெட்டி 15 செ.மீ. இடைவெளி விட்டு ஒட்டுங்கள். பக்கத்துக்கு 8 துண்டு, 10 டிரெய்லருக்கு ஒரு ரோல் வரும். சிவப்பில் இடைவெளி வேண்டாம்.

ஒட்டுவதில்தான் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள்

டேப் உரிந்துவிட்டது என்ற குறை பெரும்பாலும் டேப்பின் குறை அல்ல. துருவின் மேல் ஒட்டினால் டேப் துருவைத்தான் பிடித்துக்கொள்ளும், துரு தகரத்தை விட்டுவிடும். முதலில் கம்பி பிரஷ், பிறகு உப்புத்தாள். தேய்த்த இடத்தில் ரெட் ஆக்சைடு பிரைமர், அதன்மேல் எனாமல் பெயிண்ட். பெயிண்ட் கைக்குக் காய்ந்தது போலிருந்தாலும் உள்ளே ஆவி இருக்கும். மூன்று நாளாவது வெயிலில் விட்டுத்தான் ஒட்ட வேண்டும், இல்லையென்றால் டேப்புக்கு அடியில் கொப்புளம் கட்டும். ஒட்டும் முன் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைத்து, கடைசியாக ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த சுத்தமான துணியால் துடைக்க வேண்டும். பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெய் எதுவும் கூடாது. அவை கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்ப் படலத்தை விட்டுச் செல்லும்.

டிரெய்லரின் பக்கத் தகரத்தில் மேடும் பள்ளமுமாக வரிகள் இருக்கும். பள்ளத்தைத் தாண்டிப் பாலம் போல இழுத்து ஒட்டினால் அடியில் காற்று நிற்கும், ஒரு மாதத்தில் அங்கேதான் கிழியும். வரி வரும் இடத்தில் வெட்டி, மேட்டில் தனி, பள்ளத்தில் தனி என்று ஒட்டுங்கள். ரிவெட் தலைமேல் ஒட்ட நேர்ந்தால் தலையைச் சுற்றி 3 மி.மீ. விட்டு வட்டமாக வெட்டி எடுத்துவிட வேண்டும். ஒட்டியபின் ரப்பர் ரோலரால், அது இல்லையென்றால் துணி சுற்றிய மரக்கட்டையால், நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்தித் தேய்க்க வேண்டும். விரலால் தடவுவது போதாது. பசை முழுப் பிடிப்புக்கு வர மூன்று நாள் ஆகும். அதுவரை வாட்டர் சர்வீஸுக்கு விட வேண்டாம். பிறகும் பிரஷர் தண்ணீரை ஓர் அடிக்குள் கொண்டுபோய் ஓரத்தில் அடித்தால் எந்தக் கம்பெனி டேப்பும் கிளம்பிவிடும்.

மாட்டுவண்டிப் பலகையில் நேராக ஒட்டினால் நிற்காது. மரம் ஈரத்தில் உப்பி வெயிலில் சுருங்கும். இரண்டு அங்குல அலுமினியப் பட்டையில் டேப்பை ஒட்டி, பட்டையைத் திருகாணியால் பலகையில் முடுக்குவதுதான் வழி. எக்ஸ்எல் வண்டியில் பால் கேனின் மேலேயே ஒட்டுகிறார்கள். கேனைத் தினமும் சுடுதண்ணீரில் தேய்த்துக் கழுவும்போது டேப் சீக்கிரம் உரிந்துவிடும். கேன் மாட்டும் இரும்புச் சட்டத்தின் பின்பக்கம் ஒட்டுங்கள். கேன் பெரிதாக இருந்தால் டெயில் லைட்டை மறைத்துவிடும் என்பதால் இது அலங்காரமல்ல, அந்த வண்டிக்கு இதுதான் பின்விளக்கு.

டேப்புக்கு ஒரு பெரிய பலவீனம் உண்டு, அதை விற்பவர்கள் சொல்வதில்லை. லோடு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் டேப் மறைந்துவிடும். சத்தியமங்கலம் பக்கம் ஆலைக்குப் போகும் கரும்பு டிரெய்லரில் தோகையும் நுனியும் பின்கதவுக்கு மேல் வழிந்து தொங்கும். சோளத்தட்டு லோடும் அப்படியே. டிரெய்லரில் ஒட்டிய சிவப்பு அத்தனையும் உள்ளே போய்விடும். இதற்கு ஒரு தொங்கு பட்டை செய்து வைத்துக்கொள்ள வேண்டும். 60 செ.மீ. நீளம், 15 செ.மீ. அகலத்தில் அலுமினியத் தகடு, அதில் மூன்று வரிசை சிவப்பு டேப், மேலே இரண்டு ஓட்டை போட்டுக் கயிறு. லோடு கட்டி முடித்ததும் எது கடைசியாக நீட்டிக்கொண்டிருக்கிறதோ அதில் இதைக் கட்ட வேண்டும், தரையிலிருந்து இடுப்பு உயரத்துக்குமேல், ரோட்டுக்குச் செங்குத்தாக. இரண்டு பட்டை இருந்தால் இரு ஓரமும் கட்டலாம், அகலமும் தெரிந்துவிடும். நடுவில் ஆரஞ்சும் சுற்றிலும் சிவப்பும் கொண்ட முக்கோணத் தகடு கிடைத்தால் அதையும் பின்னால் மாட்டலாம். மெதுவாகப் போகும் வண்டி என்பதற்கான அடையாளம் அது, பகலிலும் எடுபடும்.

தைப்பூசத்துக்கு பழனி நடைப்பயணம் போகிறவர்களுக்கும் இதையே சொல்லலாம். அவர்களுக்கு இந்தத் தடித்த டேப் சரிப்படாது. துணியில் தைக்கும் வெள்ளி நிறப் பட்டை தனியாகக் கிடைக்கும். அதைப் பையின் பின்பக்கமும் காலின் கெண்டைச் சதைப் பக்கமும் கட்டினால் நடக்கும்போது கால் அசைவதில் வெளிச்சமும் அசையும், மனிதர் நடக்கிறார் என்று ஓட்டுநருக்கு உடனே புரியும்.

வேலி வெட்டும் கூலி

இது கடையில் விற்கும் பொருள் அல்ல. ஆனால் செலவுப் பட்டியலில் இரண்டாம் இடம் இதற்குத்தான். இட்டேரியில் ரோட்டு விளிம்பிலிருந்து 15 மீட்டர் உள்ளே நிற்கும் ஓட்டுநருக்கு, மெயின் ரோட்டில் 80 கி.மீ. வேகத்தில் வரும் வண்டி 180 மீட்டர் தூரத்தில் தெரிய வேண்டும் என்பது சாலைப் பொறியாளர்களின் அளவு. முழு 180 மீட்டர் நம் கையில் இல்லாவிட்டாலும், முக்கில் இரு பக்கமும் 15 மீட்டர் நீளத்துக்கு வேலியை இடுப்பு உயரத்துக்குக் குறைத்தாலே நிலைமை பெரிதும் மாறும். கிளுவை வெட்ட வெட்டத் துளிர்க்கும் மரம், வேலி சாகாது. வெட்டிய தழை ஆட்டுக்கு ஆகும் என்பதால் தோட்டக்காரர் பெரும்பாலும் மறுப்பதில்லை. சீமைக்கருவேலமாக இருந்தால் வேரோடு எடுத்துவிடுவது நல்லது.

மழைக்கு விதைத்த சோளம் வளர்ந்து ஆள் உயரத்தைத் தாண்டும்போது, கோடையில் நன்றாகத் தெரிந்த முக்கு மறைந்துவிடும். முக்கில் 15 மீட்டருக்கு 15 மீட்டர் முக்கோணம் என்பது 3 சென்ட்டுக்கும் குறைவு. அந்த மூன்று சென்ட்டில் மட்டும் கடலையோ கொள்ளோ விதைக்கச் சொல்லிக் கேட்கலாம். தோட்டக்காரருக்கு நட்டம் சிறிது, அதை ஊர்ப் பணத்தில் ஈடுகட்டிவிடலாம்.

சோலார் பிளிங்கர்

மஞ்சளாக மின்னும் 300 மி.மீ. எல்.இ.டி. விளக்கு, தலையில் சோலார் தகடு, நடுவில் பேட்டரிப் பெட்டி. புதிதாக மாட்டும்போது எல்லாமே பளிச்சென்று எரியும். ஐப்பசி, கார்த்திகையில் நாலு நாள் மோடம் (மேகமூட்டம்) போட்டால்தான் எது நல்லது என்று தெரியும்.

வாங்கும் முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். விளக்கு 6 வாட், பாதி நேரம் எரிந்து பாதி நேரம் அணைகிறது என்றால் சராசரி 3 வாட். இரவு 12 மணி நேரத்துக்கு 36 வாட்-மணி. 10 வாட் சோலார் தகடு மழைக்காலத்தில் ஒரு நாளில் இழப்பு போக 28 வாட்-மணியை எட்டினாலே அதிகம். ஆக ஒவ்வொரு இரவும் பற்றாக்குறை, ஒரு வாரத்தில் விளக்கு நின்றுவிடும். 20 வாட் தகடு 56 வரை தரும், இரவு முழுக்கத் தாங்கும். பகலும் எரிய வேண்டுமென்றால் 72 தேவை, அப்போது 40 வாட் தகடு கேளுங்கள். பேட்டரி 12 வோல்ட் 7 ஏஎச் (ஆம்பியர்-மணி) லெட்-ஆசிட் என்றால் உள்ளே 84 வாட்-மணி, அதில் பாதிக்குமேல் எடுத்தால் சீக்கிரம் கெடும். ஓர் இரவுக்குமேல் தாங்காது. தவிர, நம் சித்திரை வெயிலில் இரும்புப் பெட்டிக்குள் அது வெந்துவிடும். லித்தியம் ஃபெரோ பாஸ்பேட் 12.8 வோல்ட் 12 ஏஎச் என்றால் 150க்கு மேல், அதில் 120ஐத் தயங்காமல் எடுக்கலாம். வெயிலே வராவிட்டாலும் மூன்று இரவு ஓடும். கொட்டேஷனில் விளக்கின் வாட், தகட்டின் வாட், பேட்டரியின் அளவு ஆகிய மூன்று எண்களும் எழுத்தில் இல்லையென்றால் அந்தக் கொட்டேஷனைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

தகடு தெற்கு பார்த்து இருக்க வேண்டும். கொங்கு நாடு 11 டிகிரியை ஒட்டிய அட்சரேகையில் இருக்கிறது, சாய்வு 11 முதல் 15 டிகிரி போதும். அதற்கும் குறைத்துப் படுக்க வைத்தால் புழுதி மழையில் கழுவிப் போகாது. பொள்ளாச்சி, காங்கயம் பக்கம் நார் மில் அருகே மாட்டினால் மட்டைத் தூள் படியும், மாதம் ஒருமுறை துடைத்தே ஆக வேண்டும். தென்னை ஓலையின் நிழல் தகட்டின் ஒரு மூலையில் விழுந்தாலே உற்பத்தி பாதிக்குமேல் விழுந்துவிடும். இப்போது நிழல் இல்லை என்று பார்த்தால் போதாது. மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும்போது நிழல் எங்கே விழும் என்று யோசித்துக் கம்பம் நட வேண்டும்.

இன்னும் இரண்டு விஷயம். மெயின் ரோட்டைப் பார்த்த முகம் மஞ்சள், அதாவது கவனமாகப் போ. இட்டேரியைப் பார்த்த முகம் சிவப்பு, அதாவது நின்று பார்த்துவிட்டுப் போ. நாலு பக்கமும் மஞ்சள் வைப்பது தவறு. இரண்டாவது, இரவில் வெளிச்சம் தானாகக் குறையும் வசதி வேண்டும். அது இல்லாத விளக்கு கண்ணைக் கூசவைத்து, அதன் கீழே ரோட்டைக் கடக்கும் ஆளையே மறைத்துவிடும். கம்பம் நட்ட மறுமாதமே காதுகுத்து, சீர், கிடாவெட்டு ஃப்ளெக்ஸ் எல்லாம் அதில் ஏறும். ஒரு ஃப்ளெக்ஸையும் கட்டவிடாமல் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாத ஊர் பிளிங்கர் வாங்க வேண்டாம்.

குவிகண்ணாடி

ஊருக்குள் சுவர் மறைக்கும் 90 டிகிரி வளைவு, இரண்டு இட்டேரி சந்திக்கும் இடம், பள்ளிக்கூட வேன் திரும்பும் சந்து. வேகம் 30ஐத் தாண்டாத இப்படிப்பட்ட இடங்களுக்கு இது அருமையான பொருள். 800 மி.மீ. விட்டம் வாங்குங்கள், 600 எட்ட இருந்து பார்க்கச் சிறிது. பாலிகார்பனேட் கல்லடி தாங்கும், அக்ரிலிக் விரிசல் விடும். கீழ்விளிம்பு தரையிலிருந்து இரண்டரை மீட்டர் உயரத்தில் இருந்தால் மட்டை லோடு இடிக்காது. மாட்ட இரண்டு பேர் வேண்டும். ஒருவர் வண்டி நிற்கும் இடத்தில் டிராக்டர் சீட் உயரத்தில் கண்ணை வைத்துச் சொல்ல, இன்னொருவர் சாய்த்துத் திருப்பி முடுக்க வேண்டும். முடுக்கியதும் நட்டிலும் கம்பத்திலும் சேர்த்து ஒரு பெயிண்ட் கோடு இழுத்துவிடுங்கள். காற்றில் திரும்பிவிட்டால் கோடு விலகியிருப்பது கீழிருந்தே தெரியும்.

மெயின் ரோட்டு முக்குக்கு இது ஏன் ஆகாது? குவிகண்ணாடியில் எல்லாமே சிறிதாக, அதனால் தொலைவில் இருப்பதாகத் தெரியும். 80 கி.மீ. வேகத்தில் வரும் பஸ் ‘இன்னும் தூரத்தில் இருக்கிறது’ என்ற எண்ணத்தைத் தரும். அதை நம்பி எக்ஸ்எல்லை ஏற்றுபவருக்குக் கண்ணாடி இல்லாமலிருந்தால் இருந்திருக்கும் பயமும் போய்விடும். அங்கே கண்ணாடிக்கான பணத்தை வேலி வெட்டக் கொடுங்கள்.

ரப்பர் வேகத்தடை

கருப்பும் மஞ்சளுமாகத் துண்டு துண்டாக வரும். வழக்கமான துண்டு 50 செ.மீ. நீளம், 35 செ.மீ. அகலம், 5 செ.மீ. உயரம். 3.75 மீட்டர் ரோட்டுக்கு 7 துண்டும் இரண்டு முனைத் துண்டும். மில் வளாகம், கல்லூரி வாசல், கான்கிரீட் தளம் ஆகிய இடங்களில் நன்றாக நிற்கும். கிராம ரோட்டில் நிற்காது. காரணம், நம் ஊராட்சி ரோடுகளில் பெரும்பாலும் ஜல்லிக்கு மேல் 20 மி.மீ. தார்க் கலவைதான். நங்கூர போல்ட் பிடித்துக்கொள்ள அங்கே ஒன்றும் இல்லை. ஏற்றிய டிப்பர் அதன்மேல் பிரேக் பிடித்தால் துண்டு பக்கவாட்டில் தள்ளும், போல்ட் ஆடும், பிறகு ஒவ்வொன்றாகக் கழன்று போகும். ரப்பர் போனபின் ரோட்டில் நீட்டிக்கொண்டு நிற்கும் போல்ட் முனைகள் டயரைக் கிழிக்கும், பைக்கைச் சாய்க்கும். வாங்கியவர் அவற்றை அறுத்து எடுக்க மறுபடி வருவதில்லை.

வடிவமும் சரியில்லை. இந்தியச் சாலைகள் காங்கிரஸ் சொல்லும் வேகத்தடை 3.7 மீட்டர் நீளத்துக்கு மெல்ல ஏறி இறங்கும், நடுவில் 10 செ.மீ. உயரம், அதில் 25 கி.மீ. வேகத்தில் சிரமமின்றிக் கடக்கலாம். 35 செ.மீ. அகலத்தில் திடீரென எழும்பும் ரப்பர் மேடு மெதுவாகப் போகிறவருக்குத்தான் அடி கொடுக்கும். வேகமாகப் போகும் காரின் ஸ்பிரிங் அதை விழுங்கிவிடும். கர்ப்பிணியை ஏற்றிய ஆட்டோவும் 108 வண்டியும் படும் பாடு தனி. வேகத்தடை தேவைப்படும் இடம் மெயின் ரோடு அல்ல, அதில் வந்து சேரும் சிறு ரோடு. அங்கே தாரில் சரியான வடிவத்தில் போட்டு, கருப்பு வெள்ளைப் பட்டை அடித்து, 40 மீட்டர் முன்னால் எச்சரிக்கைப் பலகை வைப்பதுதான் முறை. தேசிய நெடுஞ்சாலையில், அதாவது கோவை–கரூர் 81, கோவை–பழனி 83, சேலம்–கோவை 544 போன்றவற்றில், வேகத்தடைக்கே இடமில்லை. ஊர்க்காரர்களே ராத்திரியில் ஜல்லியும் சிமெண்டும் கொட்டிப் போடும் மேட்டில் ஒருவர் விழுந்து இறந்தால் போட்டவர்கள்மேல் வழக்கு வரும்.

விளம்பரப் பலகையோடு நன்கொடையாக வரும் இரும்புத் தடுப்புகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. கடைப் பெயர் பெரிதாக இருக்கும், ரேடியம் டேப் ஒரு சாண்கூட இருக்காது. நன்கொடை தருபவரிடம் பெயருக்குக் கீழே இரு முகத்திலும் முழு நீளத்துக்கு இரண்டு வரிசை டேப் ஒட்டித் தரச் சொல்லுங்கள். மறுத்தால் தடுப்பு வேண்டாம். இருட்டில் டேப் இல்லாத தடுப்பு, விளக்கில்லாத டிரெய்லருக்குச் சமமான ஆபத்து.

ரோட்டில் பதிக்கும் ஒளிர்குமிழ்கள் மெல்லிய தாரில் பெயர்ந்துவிடும், கிராம ரோட்டுக்குப் பரிந்துரைக்க மாட்டேன். கீழ்பவானி, பி.ஏ.பி. (பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டம்) வாய்க்கால் கரை ரோடுகளுக்கும் வளைவை ஒட்டிய தோட்டத்துக் கிணறுகளுக்கும் ஓரக்கம்பம் அதைவிட நல்லது. 110 மி.மீ. பி.வி.சி. பைப்பை 1.4 மீட்டருக்கு வெட்டி, உள்ளே கான்கிரீட் நிரப்பி, 40 செ.மீ. மண்ணில் புதைத்து, வெள்ளை அடித்து, மேலே இரண்டு சுற்று சிவப்பு டேப். வளைவில் 5 மீட்டருக்கு ஒன்று. உள்ளே கம்பி வைக்க வேண்டாம். மோதினால் உடைய வேண்டுமே தவிர மோதியவரைக் குத்தக் கூடாது. கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவர் இல்லையென்றால் அதுதான் முதல் வேலை, கம்பம் அதற்குப் பிறகு.

அனுமதி

டிரெய்லரில் டேப் ஒட்ட யாரையும் கேட்க வேண்டாம். ரோட்டு எல்லைக்குள் எதை நட்டாலும் கேட்க வேண்டும். மாநில நெடுஞ்சாலை, மாவட்டச் சாலை என்றால் நெடுஞ்சாலைத் துறையின் உதவிக் கோட்டப் பொறியாளர் அலுவலகம். ஊராட்சி, ஒன்றியச் சாலை என்றால் வட்டார வளர்ச்சி அலுவலர். எந்தச் சாலை யாருடையது என்று முதலில் உறுதி செய்யுங்கள். மனு இந்த அலுவலகத்துக்கும் அந்த அலுவலகத்துக்கும் அலைவது பெரும்பாலும் இதனால்தான். அதன்பின் கிராம சபையில் தீர்மானம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆறு நாள் இருக்கிறது. தீர்மான நகலோடு மனுவை ஆட்சியர் தலைமையிலான மாவட்ட சாலைப் பாதுகாப்புக் குழுவுக்கும் அனுப்பலாம்.

மனுவில் ‘வேகத்தடை வேண்டும்’ என்று மட்டும் எழுதினால் மெயின் ரோட்டில் முடியாது என்ற ஒரே வரியில் பதில் வந்துவிடும். சாலையின் பெயர், கிலோமீட்டர் கல் எண், முக்கில் 15 மீட்டர் உள்ளே நின்றால் எவ்வளவு தூரம் தெரிகிறது என்று அளவு நாடா பிடித்து அளந்த அளவு, எந்த நேரத்தில் எந்த வண்டி அதிகம், இதுவரை பதிவான விபத்துகளின் எஃப்.ஐ.ஆர். எண்கள், பகலிலும் இரவிலும் எடுத்த படம் இரண்டு ஆகியவற்றை வையுங்கள். கேட்பது மெயின் ரோட்டில் எச்சரிக்கைப் பலகையும் குறுக்குக் கோடுகளும், சிறு ரோட்டில் முறையான வேகத்தடை, முக்கில் துறைக்குச் சொந்தமான இடத்தில் புதர் வெட்டு ஆகிய மூன்றும் என்று பிரித்து எழுதுங்கள். கோடுகளுக்குச் சாதாரண பெயிண்ட் வேண்டாம், கண்ணாடி மணி தூவிய தெர்மோபிளாஸ்டிக் என்று குறிப்பிடுங்கள். அதுதான் இரவில் தெரியும்.

டேப்பைச் சரிபார்க்க ஆயுத பூஜை சரியான சமயம். எல்லா வண்டியும் கழுவப்படும், மழைக்கும் முன்னால் வருகிறது. கழுவி முடித்ததும் ஓரம் கிளம்பிய துண்டை முழுதாக உரித்துவிட்டுப் புதிதாக ஒட்டுங்கள், பழையதன்மேல் ஒட்டினால் நிற்காது. சந்தனம் குங்குமம் வைக்கும்போது டேப்பை விட்டுத் தள்ளி வையுங்கள். எருவும் கிரீஸும் படிந்த இடத்தைச் சோப்புத் தண்ணீரில் துடைத்தால் போதும். அன்று இரவே எல்லா டிரெய்லரையும் வரிசையாக நிறுத்தி, 50 தப்படி தள்ளி நின்று டார்ச்சைக் கன்னத்தருகே பிடித்து அடித்தால் எது மங்கியிருக்கிறது என்று ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.